வாடிக்கையாளரின் சுமை யார் தோளுக்கு?

1959-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் இருந்த ஹாலாய்டு ஜெராக்ஸ் நிறுவனத்திடம் புதிய நகல் இயந்திரம் ஒன்று தயாராக இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. 914 என்று பெயரிடப்பட்ட அந்த இயந்திரத்தின் எடை ஏறக்குறைய 295 கிலோ. ஒன்றைச் செய்து முடிக்கவே சுமார் 2,000 டாலர் ஆனது. அப்போது அலுவலகங்கள் வைத்திருந்த நகல் கருவிகளோ 300 டாலருக்கே கிடைத்தன. அவற்றுக்கென்று தனித் தாள் வாங்க வேண்டும். பிரதியும் ஈரமாகவோ சுருண்டோ வரும். 914 சாதாரணத் தாளிலேயே தெளிவாக நகல் எடுத்துக் கொடுத்தது. இருந்தும், இத்தனை விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனம் இதற்குச் சந்தையே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. கூட்டுச் சேர அழைத்தபோது ஐபிஎம் நிறுவனமும் ஒதுங்கிக்கொண்டது.

ஜோசப் வில்சன் தலைமையில் இருந்த அந்த நிறுவனம் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைக் கொடுக்கும் முறையை மாற்றியது. மாதம் 95 டாலர் வாடகை. முதல் 2,000 பிரதிகள் வாடகையிலேயே அடக்கம். அதற்கு மேல் எடுத்தால் பிரதிக்கு 4 சென்ட். பழுது பார்ப்பது நிறுவனத்தின் வேலை. பிடிக்கவில்லை என்றால் 15 நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அன்றைய அலுவலகங்களில் ஒரு நகல் கருவி நாளொன்றுக்கு 15 அல்லது 20 பிரதிகள் எடுத்து வந்தது. 914 போய்ச் சேர்ந்த இடங்களில் நாளுக்குச் சராசரியாக 2,000 பிரதிகள் எடுத்தார்கள். 1959-ல் ஏறக்குறைய 3 கோடி டாலருக்கு வியாபாரம் செய்த நிறுவனம், 1972-ல் சுமார் 250 கோடி டாலரைத் தொட்டது.

சேவையில் புதுமை என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கைபேசிச் செயலி, ஓர் அழைப்பு மையம், வாசலில் நின்று வணக்கம் சொல்லும் ஊழியர். இவை மேற்பூச்சு. ஒரு நிறுவனத்தைத் தலைகீழாக மாற்றிய சேவைப் புதுமைகளைப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு செயல் இருப்பது தெரியும். அதுவரை வாடிக்கையாளர் சுமந்து வந்த ஏதோ ஒரு சிரமத்தை நிறுவனம் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது. 914 வரும்வரை, இயந்திரம் பயன்படுமா, ரிப்பேர் ஆனால் என்ன செய்வது, போட்ட பணம் வீணாகுமா என்பதெல்லாம் வாங்குபவரின் கவலை. வாடகை முறை வந்ததும் அவை விற்பவரின் கவலை ஆகிவிட்டன.

இப்படிச் சுமையை வாங்கிக்கொண்ட பிறகு எந்த நிறுவனமும் பழையபடி இருக்க முடியாது. ஜெராக்ஸையே எடுத்துக்கொள்ளலாம். இயந்திரம் நின்றால் பிரதி இல்லை. பிரதி இல்லை என்றால் வருமானம் இல்லை. 914-லோ தாள் சிக்கிப் புகையும் தொல்லை இருந்தது; சிறு தீயணைப்பான் ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். எனவே ஊர் ஊராகப் பழுது பார்க்கும் படை ஒன்றை நிறுவனம் வளர்த்தது. அந்தப் படை அதன் பெரும் பலம் ஆனது. பின்னாளில் அதுவே கண்ணையும் மறைத்தது. 1982-ல் ஜப்பானின் கேனன் நிறுவனம், அடிக்கடி பழுதாகும் பாகங்களை எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கி, பயன்படுத்துபவரே கழற்றி மாற்றிக்கொள்ளும் சிறிய நகல் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பழுது பார்க்க ஆளே தேவைப்படாத ஓர் இயந்திரம் வரும் என்பதைப் பழுது பார்ப்பதில் முதலிடத்தில் இருந்த நிறுவனம் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

மணிக்கணக்கில் ஓடும் எஞ்சின்

விமான எஞ்சின் செய்பவர்களின் பழைய கணக்கு சற்று விசித்திரமானது. எஞ்சினை விற்றால் லாபம் குறைவு. அது தேய்ந்து, உடைந்து, உதிரி பாகம் கேட்டு வரும்போதுதான் நல்ல பணம். அதாவது விமானக் கம்பெனிக்கு எது நஷ்டமோ அதுவே எஞ்சின் கம்பெனிக்கு வருமானம்.

1962-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. சிறிய பயணிகள் ஜெட் ஒன்றில் பொருத்தப்பட்ட தன் வைப்பர் எஞ்சினுக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயித்தது. ஓடிய தூரத்துக்கு மட்டும் காசு கேட்கும் மீட்டர் ஆட்டோ மாதிரி. எஞ்சினையும் அதன் துணைக் கருவிகளையும் மாற்றுவது, பராமரிப்பது எல்லாம் அந்தக் கட்டணத்தில் சேர்த்தி. ‘பவர் பை தி ஹவர்’ என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாடு, 1966-ல் அந்நிறுவனத்தை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கியபோது அதன் கைக்கு வந்தது. 1990-களில் ‘டோட்டல்கேர்’ என்ற பெயரில் பெரிய பயணிகள் விமானங்களின் எஞ்சின்களுக்கும் இது விரிந்தது.

இதன் விளைவு தொழிற்சாலைக்குள் தெரிந்தது. எஞ்சின் எவ்வளவு காலம் கழற்றப்படாமல் பறக்கிறதோ அவ்வளவு லாபம் என்றாகிவிட்டதால், நீண்ட நாள் உழைக்கும் பாகம் செய்வதே சிக்கனம் ஆனது. எஞ்சினுக்குள் உணர்கருவிகள் பொருத்தப்பட்டன. பறக்கும் எஞ்சின்களின் வெப்பம், அழுத்தம், அதிர்வு பற்றிய தகவல்கள் இங்கிலாந்தின் டெர்பி நகரில் இருக்கும் மையத்துக்கு வந்து சேர்கின்றன. கோளாறு முற்றும் முன்பே, விமானம் எந்த ஊரில் இறங்குகிறதோ அங்கே பாகத்தையும் ஆளையும் தயாராக வைக்க முடிகிறது. எஞ்சின் விற்ற நிறுவனம், எஞ்சினோடு பல ஆண்டுகள் வாழும் நிறுவனமாக மாறியது. விற்பனை நடக்கும் ஆண்டில் மட்டும் வந்த பணம், ஆண்டுதோறும் சீராக வரத் தொடங்கியது.

ஆனால் ஏற்றுக்கொண்ட சுமை உண்மையான சுமை. 2016 முதல் ட்ரென்ட் 1000 வகை எஞ்சின்களில் பாகங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்தன. பல விமானங்கள் தரையில் நின்றன. சரிசெய்யும் செலவும், விமானக் கம்பெனிகளுக்கான இழப்பீடும் ரோல்ஸ் ராய்ஸ் தலையில் விழுந்தன. 2020-ல் கொரோனா வந்தது. பெரிய விமானங்கள் பறந்த நேரம் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது. பறக்கும் மணிக்குத்தான் காசு என்றால், பறக்காத மணிக்குக் காசு இல்லை. அந்த ஆண்டு மே மாதம் குறைந்தது 9,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. முதலீட்டாளர்களிடம் புதிதாக 200 கோடி பவுண்டு திரட்டியும், சொத்துகளை விற்றும்தான் தாக்குப்பிடித்தது. வாடிக்கையாளரின் நல்ல காலத்தில் பங்கு கேட்கும் ஏற்பாடு, கெட்ட காலத்திலும் பங்கு கொடுத்துவிடும். இந்த வழியில் போக நினைக்கும் எந்த நிறுவனமும் இதற்கென்று பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

மதுரை காட்டிய பாடம்

1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயது கண் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த அவர், அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகியவர். அந்த 11 படுக்கைகள்தான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனைகள். லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் இல்லை; ஓர் அறக்கட்டளை. ஆனாலும் சேவையை எப்படி மாற்றி அமைப்பது என்பதற்கு உலகெங்கும் வணிகப் பள்ளிகள் இதைத்தான் பாடமாக வைத்திருக்கின்றன.

கண்புரையைச் சிறிய அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். இருந்தும் லட்சக்கணக்கானோர் பார்வையின்றி இருந்ததற்குக் காரணம் மருத்துவர் பற்றாக்குறை மட்டும் இல்லை. கிராமங்களில் முகாம் நடத்தி, சிகிச்சை இலவசம் என்று சொன்ன பிறகும் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோது காரணங்கள் தெரிந்தன. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு, கத்தி என்றாலே பயம். சிகிச்சை இலவசமானாலும் நோயாளிக்குப் போய்வரும் செலவு இருந்தது. அந்தச் சுமையை மருத்துவமனை எடுத்துக்கொண்டது. முகாமிலிருந்தே வண்டியில் கூட்டிவந்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விட்டது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வந்ததில் பயமும் குறைந்தது.

இத்தனையும் கொடுக்கப் பணம்? இங்கேதான் உள்ளே நடந்த மாற்றம் வருகிறது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒரு நோயாளிக்கு முடித்ததும் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்தவரைப் பார்க்கிறார். அவர் ஏற்கெனவே தயாராக இருப்பார். கண்ணைச் சோதிப்பது, மருந்து போடுவது, ஆயத்தம் செய்வது எல்லாவற்றையும் கிராமங்களிலிருந்து வந்து, அங்கேயே பயிற்சி பெற்ற இளம் பெண்கள் செய்கிறார்கள். மருத்துவரின் நேரம் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு மிச்சமாகிறது. அதனால் மற்ற இடங்களில் செய்வதைப் போலப் பல மடங்கு அறுவை சிகிச்சைகளை ஒருவரால் செய்ய முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறைகிறது. அமெரிக்காவின் துரித உணவகமான மெக்டொனால்ட்ஸ் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் பரிமாறுவதைக் கண்டு வியந்தவர் டாக்டர் வேங்கடசாமி. அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியும் என்று அவர் நம்பினார்.

கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை மட்டும் வெளிநாட்டு விலையில் கைக்கு எட்டாமல் இருந்தது. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். நூறு டாலர் அளவில் இருந்த வில்லை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. கட்டணம் செலுத்துவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று யாரும் கேட்பதில்லை. சிகிச்சை பெறுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பெறுகிறார்கள். கட்டணம் செலுத்துவோர் தரும் பணத்திலேயே மருத்துவமனை நடக்கிறது, விரிவடையவும் செய்கிறது.

சென்னையில் பிறந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் நிறுவனத்தின் கதையும் இதே வகை. 1979-ல் ஆர். தியாகராஜன் இதைத் தொடங்கியபோது, பழைய லாரி வாங்க ஆசைப்படும் ஓட்டுநருக்கு எந்த வங்கியும் கடன் தராது. சம்பளச் சீட்டு இல்லை, சொத்துப் பத்திரம் இல்லை. நம்பத் தக்கவர் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் இருந்தது. ஸ்ரீராம் அந்த வேலையைத் தன் ஊழியர்களிடம் கொடுத்தது. பழைய லாரியின் மதிப்பைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள், ஓட்டுநரை நேரில் அறிந்தவர்கள், மாதா மாதம் தேடிப் போய்த் தவணை வாங்குபவர்கள். காகிதத்தை நம்பிய வங்கிகள் ஒதுக்கிய கூட்டத்தில், ஆளை அறிந்து கடன் கொடுத்த நிறுவனம் நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

காலி இருக்கை கண்ணில் பட்டபோது

2005 தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் அலைந்தார் பணீந்திர சாமா என்ற இளம் பொறியாளர். ஏஜெண்ட் ஏஜெண்டாகப் போய்க் கேட்டும் பயன் இல்லை. காரணத்தைத் தோண்டியபோது ஒரு வினோதம் தெரிந்தது. பஸ் முதலாளி தன் இருக்கைகளைப் பல ஏஜெண்டுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். எங்கே எத்தனை விற்றது என்பது போனில் கேட்டால்தான் தெரியும். ஒரு ஏஜெண்டிடம் இடம் இல்லை என்று பயணி திரும்பிப் போவார். இன்னொருவரிடம் இருந்த இருக்கை காலியாகவே பஸ் கிளம்பும்.

2006-ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ரெட்பஸ், எல்லா இருக்கைகளையும் ஒரே திரையில் காட்டியது. தேடி அலையும் சுமை பயணியிடமிருந்து நீங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் பஸ் முதலாளிகளிடம் நடந்தது. ஊர் ஊராக அலுவலகம் போட வசதியில்லாத சிறிய ஆம்னி பஸ் நிறுவனமும் எந்த ஊர்ப் பயணிக்கும் டிக்கெட் விற்க முடிந்தது. பயணிகள் மதிப்பெண் போடத் தொடங்கியதால், நேரத்துக்குக் கிளம்புவதும் வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பதும் விற்பனையைத் தீர்மானிக்கும் விஷயங்கள் ஆயின. அதே சமயம், வாடிக்கையாளரை நேரில் அறிந்திருந்த முதலாளிக்கும் பயணிக்கும் நடுவே ஒரு தளம் வந்து உட்கார்ந்தது. இப்போது கமிஷன் எவ்வளவு என்று பேசும்போது அதன் குரலுக்குப் பலம் அதிகம். ரெட்பஸ்ஸை 2013-ல் ஐபிபோ குழுமம் வாங்கியது.

வாடிக்கையாளரின் சிரமத்தைக் கண்டுபிடிக்க எப்போதும் நிபுணர் தேவையில்லை. சில சமயம் அவர்களே காட்டிக் கொடுப்பார்கள். கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் 2005-ல் கைபேசி வழியாகச் சிறுகடன் தவணை கட்டும் முறையைச் சோதித்துப் பார்த்தது. மக்களோ அதை வைத்து ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். நகரத்தில் சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுபோக, பஸ் டிரைவரிடம் உறையைக் கொடுத்துவிட்டுக் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நிறுவனம் தன் திட்டத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. 2007 மார்ச்சில் பணம் அனுப்பும் சேவையாகவே எம்-பெசாவைத் தொடங்கியது. பெட்டிக்கடைகள் பணம் போடவும் எடுக்கவும் முகவர்கள் ஆயின. இன்று அந்தத் தொலைபேசி நிறுவனம் பேச்சு அழைப்புகளில் சம்பாதிப்பதைவிட எம்-பெசாவில் அதிகம் சம்பாதிக்கிறது.

போட்டியாளர் ஏன் காப்பியடிக்க முடிவதில்லை?

சேவைப் புதுமைக்குப் பெரும்பாலும் காப்புரிமை கிடையாது. யாரும் பார்த்துச் செய்யலாம். ஆனாலும் பெரிய நிறுவனங்கள் தடுமாறுகின்றன. அவர்களது பழைய வருமானமே குறுக்கே நிற்பதுதான் காரணம். அமெரிக்காவின் பிளாக்பஸ்டர், வாடகைக்கு எடுத்த படத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுப்பவர்களிடம் அபராதம் வாங்கியே பெரும் பணம் பார்த்தது. தபாலில் டிவிடி அனுப்பிய நெட்பிளிக்ஸ், 1999-ல் மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்து அந்த அபராதத்தையே ஒழித்தது. 2000-ல் 5 கோடி டாலருக்கு நெட்பிளிக்ஸை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோது பிளாக்பஸ்டர் மறுத்தது. 2005-ல் அதுவும் அபராதத்தைக் கைவிட்டது. அந்த வருமானம் போனது, போன வாடிக்கையாளர் வரவில்லை. 2010 செப்டம்பரில் திவால் மனு போட்டது. வாடிக்கையாளரின் எரிச்சலில் சம்பாதிக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும்

எல்லாப் புதுமையும் போற்றத்தக்கது என்று எண்ணிவிடக் கூடாது. டோமினோஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு வாக்குறுதி கொடுத்தது: 30 நிமிடத்தில் பீட்ஸா வீட்டுக்கு வரும், இல்லாவிட்டால் இலவசம். 1978-ல் 200 கடைகள் வைத்திருந்த நிறுவனம் 1989-ல் 5,000-ஐத் தாண்டியது. காத்திருக்கும் சுமை வாடிக்கையாளரிடமிருந்து போய்விட்டது. ஆனால் அது நிறுவனத்தோடு நின்றதா? பீட்ஸாவை எடுத்துக்கொண்டு பறந்த ஓட்டுநரிடமும், அவர் எதிரே வந்தவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. விபத்துகள், வழக்குகள். செயின்ட் லூயிஸ் நகரில் டெலிவரி வண்டி மோதிக் காயமடைந்த ஒரு பெண்ணுக்குக் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு தரச் சொல்லி 1993-ல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே டோமினோஸ் தன் நாட்டில் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது.

நம் நகரங்களில் சில நிமிடங்களில் மளிகை கொண்டுவரும் நிறுவனங்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். கிடங்கை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பொருளை வேகமாக எடுத்துக் கட்டும் முறையைச் செம்மைப்படுத்தி மிச்சப்படுத்தும் நிமிடம் நிறுவனத்தின் திறமை. மழையில் சிக்னலைத் தாண்டி மிச்சப்படுத்தும் நிமிடம் ஓர் இளைஞனின் உயிர்ப் பணயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேகமாகத்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்தே இருக்க வேண்டும்.

சேவைத் துறைதான் இன்று இந்தியாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேல் தருகிறது. மருந்துக் கடை, மெக்கானிக் ஷெட், டியூஷன் சென்டர், கேட்டரிங் என நடத்தும் லட்சக்கணக்கானோர் அதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு ரோல்ஸ் ராய்ஸின் கணினிகளோ ரெட்பஸ்ஸின் மென்பொருளோ வேண்டியதில்லை. வேலை முடியும் நேரத்தைச் சரியாகச் சொல்லி அதைக் காப்பாற்றும் மெக்கானிக், வாடிக்கையாளர் இரண்டு முறை அலையும் சுமையை எடுத்துக்கொள்கிறார். முதியவரின் மாத மருந்துப் பட்டியலைத் தானே வைத்திருந்து, தீரும் முன்பு வீட்டுக்கு அனுப்பும் மருந்துக் கடைக்காரர் அந்த வீட்டின் ஒரு கவலையைக் குறைக்கிறார். இரண்டுக்கும் கடைக்குள் வேலைமுறை மாற வேண்டும். வேலையாளுக்குப் பயிற்சி வேண்டும். தவறினால் யார் பொறுப்பு என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

எனவே, புதிய சேவை ஒன்றை அறிவிக்கப்போகும் முதலாளிகள் விளம்பரம் எழுதும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவிடுங்கள். வாடிக்கையாளரின் எந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறோம்? அதைத் தாங்க நம்மிடம் ஆளும் முறையும் இருப்புப் பணமும் இருக்கின்றனவா? கடைசியில் அது நம் ஊழியர் தலையில் போய் விழுகிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்தச் சேவையைத் தொடங்காதீர்கள்.